அத்தான் சொன்ன கடவுள்

ஒவ்வொரு வீட்டிலும் கணவனுக்கு ஆகாத சொல் ஒன்று இருக்கும். சில வீடுகளில் அது ‘மாமியார்’, சில வீடுகளில் ‘உடற்பயிற்சி’. பலகைக்காரர் வீட்டில் அது ‘அத்தான்’.

“காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கக் கூடாதுன்னு அத்தான் சொன்னார்.” “பாலத்து வழியா போனா நெரிசலே இருக்காதுன்னு அத்தான் சொன்னார்.” “சாயங்காலம் மழை வரும்னு அத்தான் சொன்னார்.” சாயங்காலம் மழையும் வந்து தொலைத்தது. வானமும் அந்த ஆளுக்கு உடந்தை என்று பலகைக்காரருக்குப் பட்டது.

அத்தான் என்பவர் அவர் மனைவியின் அக்காள் கணவர், ஊரறிந்த பல் டாக்டர். முறைப்படி பலகைக்காரருக்குச் சகலை. ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்பதால் இருவரையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் உரிமை உலகத்துக்குத் தானாகவே வந்துவிடுகிறது. உலகம் மறந்தாலும் பலகைக்காரர் மறக்க மாட்டார், தாமே நிறுத்துப் பார்ப்பார். எப்போது நிறுத்தாலும் தம்முடைய தட்டுதான் மேலே போகும்.

பலகைக்காரருக்கு அருங்காட்சியகத்தில் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த பானை ஒன்று இருந்தால், பக்கத்தில் சின்னப் பலகை இருக்குமே, ‘இது இன்ன காலத்தது, இன்னதற்குப் பயன்பட்டது’ என்று, அதை எழுதுகிறவர் அவர்தான். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அறுபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே விதி. நின்றுகொண்டு படிக்கிறவனின் பொறுமை அவ்வளவுதான். பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அறுபது சொல்லில் அடக்கிய மனிதர், மனைவியின் வாயில் ஒற்றைச் சொல்லை அடக்க வழியில்லாமல் இருந்தார்.

ஊரே அவர் எழுதியதைப் படித்தது. படித்தவர்களில் ஒருவர்கூட ‘யார் எழுதினது?’ என்று கேட்டதில்லை. பலகையில் பெயர் போடும் வழக்கம் அங்கே கிடையாது. சகலைக்கோ மூன்று தெரு தள்ளி நின்றாலும் தெரிகிற மாதிரி விளக்கு வைத்த பெயர்ப்பலகை. பெயருக்குக் கீழே, புன்னகைக்கும் கடைவாய்ப்பல் படம் ஒன்று.

பல் பிடுங்குவதோடு அவர் நின்றிருந்தால் பலகைக்காரர் எப்படியோ சகித்திருப்பார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் குறுக்கே பேச முடியாது. இந்த வசதியில் பழகிப் பழகி டாக்டருக்குப் பேச்சு வளர்ந்தது. முதலில் பல்லைப் பற்றி, பிறகு வாழ்க்கையைப் பற்றி, கடைசியில், எல்லாப் பேச்சாளர்களையும் போல, கடவுளைப் பற்றி. நாற்காலி மேசை விற்கும் கடைக்கு மேலே ஒரு கூடம் இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே கூட்டம் சேர ஆரம்பித்தது. பேச்சின் தலைப்பு, ‘எல்லாம் கடவுள்’.

“எல்லாமே கடவுள்தானாம்,” என்றாள் மனைவி ஒரு நாள், சாப்பாட்டு மேசையில். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பகல் முழுக்க “மூச்சைப் பிடிங்க... விடுங்க” என்று சொல்லிவிட்டு வருவதால் வீட்டிலும் குரலில் ஒரு கட்டளை மிச்சமிருக்கும். “இந்த மேசை, இந்தக் கரண்டி, வெளில நிக்கற குப்பை லாரி, எல்லாம்.”

“நானுமா?”

“எல்லாம்னா நீங்களும்தான்.”

கரண்டிக்கும் குப்பை லாரிக்கும் அடுத்த இடம். ஒரு மனைவி கணவனை இவ்வளவு கவனக்குறைவாகக் கடவுளாக்கியதைப் பலகைக்காரர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

“இதுல என்ன புதுசு?” என்று அவளே தொடர்ந்தாள். “தூணிலயும் இருப்பார், துரும்பிலயும் இருப்பார்னு சொல்றதுதானே.”

இங்கே பலகைக்காரர் நிமிர்ந்தார். அருங்காட்சியகத்தில் ‘கடவுள் எங்கே?’ என்று புதிய காட்சிக்கூடம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொள்கைக்கும் ஓர் அறை, மொத்தம் ஐந்து. அதற்காகக் கொள்கைகளை எல்லாம் அவர் கரைத்துக் குடித்திருந்தார்.

“அது வேற, இது வேற. தூணுக்குள்ள கடவுள் இருக்கார்னா, தூண் ஒண்ணு, அவர் ஒண்ணு. உள்ள குடியிருக்கார், அவ்வளவுதான். உன் அத்தான் சொல்றதுல உள்ளே வெளியேங்கற பேச்சே கிடையாது. தூணே கடவுள்.”

“சரி.”

“ஒரு வீடுன்னு வெச்சுக்கோ. வீட்டுக்காரர் மாடியில இருக்கார், கீழ நீ ஆணி அடிச்சாக்கூட அவருக்குக் கேக்கும், வாடகைக்கு உண்டான மரியாதையை எதிர்பார்ப்பார். அது ஒரு கொள்கை. கட்டி முடிச்சு சாவியைக் கொடுத்துட்டுப் போனவர், அப்புறம் போனே எடுக்கறதில்ல. அது இன்னொண்ணு. ஒவ்வொரு அறையிலயும் தனித்தனியா ஒரு குடித்தனம், சமையலறைக்கு ஒரு ஆவி, குழாய்க்கு ஒரு ஆவி. அது மூணாவது. வீடு முழுக்க அவருக்குள்ள அடக்கம், ஆனா அவர் வீட்டைவிடப் பெரியவர், வீடு இடிஞ்சாலும் அவர் இருப்பார். அது நாலாவது. இந்த அஞ்சாவதுல வீட்டுக்காரரே கிடையாது. செங்கல், குழாய், ஒழுகற கூரை, ஒழுகற தண்ணி, அதுதான் அவர். வீடு போச்சுன்னா அவரும் போச்சு.”

“அப்போ கடவுள் இல்லைன்னு சொல்றவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேருக்கும் இருக்கறது அதே வீடுதானே?”

கேள்வி கூர்மையானது. பலகைக்காரருக்கு மனைவியின் மேல் பெருமையாகக்கூட இருந்தது. “ரெண்டு பேரும் அதே வீட்டைத்தான் பாக்கறாங்க. இவன் பாத்துட்டுக் கும்பிடறான், அவன் பாத்துட்டு வாடகை கொடுத்துட்டுப் போறான்.”

அவள் சிரித்தாள். பலகைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ச்சி ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் நீடித்தது.

“இதை அத்தான் சொன்னா எவ்வளவு நல்லா சொல்வார் தெரியுமா.”

அந்தச் சனிக்கிழமை அவர் கூடத்துக்குப் போனார். மனைவி கூப்பிட்டதால் போனதாக வெளியே பேச்சு. ஓட்டை எங்கே என்று பார்க்கத்தான் போனார்.

டாக்டர் மேடையில் நின்ற தோரணையைப் பார்த்தால் உலகத்துக்கே அவர்தான் வாய் பார்த்துச் சீட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. “நண்பர்களே, கடவுள் மேலே எங்கேயோ உட்கார்ந்து இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே கடவுள்,” என்றார். முன்வரிசையில் ஓர் அம்மாள் சங்கடப்பட்டு நாற்காலி நுனிக்கு நகர்ந்துகொண்டாள். அடுத்த மூச்சில், ஒவ்வொரு மரத்துக்குள்ளும் ஓர் ஆவி விழித்திருக்கிறது என்றார். அதற்கடுத்து, கடவுள் நம்மை உருவாக்கி நம் கையில் விட்டுவிட்டார் என்றார். ஐந்து அறைகளுக்கும் ஒரே மூச்சில் ஓடிப்போய் ஓடிவந்தார், ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. பலகைக்காரர் மனதுக்குள் பிழைகளைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். சுகமாக இருந்தது.

கடைசியில் ஒருவர் எழுந்து, “எல்லாம் கடவுள்னா பல்வலியும் கடவுளா டாக்டர்?” என்று கேட்டார்.

மாட்டினான், என்று பலகைக்காரர் முன்னால் சாய்ந்தார்.

“பல்வலியும் கடவுள்தான்,” என்றார் டாக்டர். “ஆனா கடவுளை ரொம்ப நாள் வாயில வெச்சிருக்கக் கூடாது. திங்கட்கிழமை வந்து பாருங்க.”

கூடம் குலுங்கியது. பக்கத்தில் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். தமக்கும் சிரிப்பு வந்ததைப் பலகைக்காரர் நாக்கைக் கடித்து அடக்கினார். பொறாமைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை: எதிரியின் நகைச்சுவை நன்றாக இருந்துவிடுவது.

வரும் வழியில் பிழைகளை எல்லாம் எடுத்துச் சொன்னார். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான். உங்களுக்கு வயித்தெரிச்சல்,” என்றாள்.

“எனக்கா?”

“மூச்சைப் பிடிங்க. விடுங்க. இப்ப எப்படி இருக்கு?”

இந்த நிலையில்தான் அருங்காட்சியகத்தின் இயக்குநருக்குப் பல் வலித்தது. அந்த அம்மாள் போனதோ அதே டாக்டரிடம். வேர் வரைக்கும் குடைந்து அடைக்கிற பெரிய வேலை. அது முடியும் வரை, வாயைத் திறந்தபடி, அவர் எல்லாம் கடவுள் என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி முகம் மரத்துப் போனவராக அலுவலகம் திரும்பி, ஐந்தாவது அறைக்கு டாக்டர் எழுதட்டும் என்று அறிவித்தார். முழு முகமும் இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது என்று பலகைக்காரர் பின்னால் பலரிடம் சொன்னார்.

“மேடம், பலகை எழுதறது என் வேலை.”

“தெரியும் சார். உங்க எழுத்து சரியா இருக்கும். சரியா மட்டும்தான் இருக்கும்.”

இந்த வாக்கியத்தைப் பலகைக்காரர் அன்று முழுவதும் மென்றார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாதாடி வாதாடிக் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். இருவரும் எழுதுவது. வழக்கப்படி சோதனை வாசிப்பு வைப்பது. அந்த அருங்காட்சியகத்தில் அது ஒரு சடங்கு. வெளியாள் ஒருவரை உட்கார வைத்து, பெயர் இல்லாமல் தட்டெழுதிய தாளைக் கொடுப்பார்கள். அவர் ஒரே தடவை படித்து, தாளைக் கவிழ்த்துவிட்டு, புரிந்ததைத் தம் வாயால் சொல்ல வேண்டும். எதைப் படித்தவருக்குப் புரிந்ததோ அது சுவரேறும். எழுதினவர் யார் என்பது இயக்குநரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. ரகசியம் காப்பதில் அந்த அம்மாளுக்கு ஒரு மதப்பற்றே உண்டு.

அந்த வெளியாளாக அவர் அழைத்தது, போன மாதம் தம் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்த பெண்மணியை. “தெளிவா பேசறாங்க, இவங்கதான் சரி,” என்றார். பலகைக்காரரின் மனைவிதான் அது. அவள் இவர் மனைவி என்றும், டாக்டருக்கும் உறவு என்றும் இயக்குநருக்குத் தெரியாது. பலகைக்காரருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் அவர் மனதில் ஒரு திட்டம் முளைத்திருந்தது. பொறாமை மனிதனைக் கெடுக்கும் என்பார்கள். அது மனிதனைச் சுறுசுறுப்பாக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

அவள் டாக்டருடையதைத்தான் தேர்ந்தெடுப்பாள். அதில் சந்தேகமே இல்லை. ஆகவே, தம்முடையதை டாக்டர் எழுதின மாதிரி எழுதிவிட்டால்? அதைப் படித்து அவள் உருகுவாள். அத்தான் அத்தான்தான் என்பாள். அப்போது மெதுவாக, ஒரு கொட்டாவியோடு, “அதுவா? அது நான் எழுதினது,” என்று சொல்ல வேண்டும். அந்தக் கொட்டாவியைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகைகூடப் பார்த்தார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, டாக்டர் மாதிரி சொல்லில் நுரை தள்ளுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று. வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த அடைமொழிகள் எல்லாம் மதகு திறந்த மாதிரி வந்தன. ‘மானுடனே! நீ நிற்கும் தரை வெறும் தரையன்று. அது உன் பாதத்தை முத்தமிடும் பரம்பொருள். படைத்தவன் எங்கே என்று தேடாதே, படைப்பின் மறுபெயரே அவன். நதியின் நடனம் அவன், இலையின் இதயத்துடிப்பு அவன்...’ கொள்கையில் மட்டும் கை வைக்கவில்லை. நுரையை வழித்துவிட்டுப் பார்த்தால் அடியில் எல்லாம் சரியாக இருந்தது. பழக்கதோஷம். இலைக்கு இதயம் கிடையாது என்ற நினைப்பு குறுக்கே வந்தது. அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்.

சோதனை அன்று டாக்டர் வரவில்லை, நோயாளிகள் நிறையவாம். பலகைக்காரர் வழக்கம் போல மூலையில் உட்கார்ந்தார். பணியாளர் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது.

மனைவி முதல் தாளை, ‘மானுடனே!’ என்று தொடங்குவதை, படித்தாள். கவிழ்த்தாள்.

“என்ன புரிஞ்சது?” என்றார் இயக்குநர்.

“யாரோ ரொம்ப சந்தோஷமா இருக்காங்கன்னு புரிஞ்சது.”

“எதுக்கு?”

“அதை எழுதலயே.”

பலகைக்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. இரண்டாவது தாளை அவள் படித்ததும் கவிழ்த்ததும் ஏதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. “இது புரிஞ்சது. உலகத்துக்கு வெளில கடவுள்னு தனியா ஒருத்தர் இல்ல. உலகமேதான் அவர். வேண்டிக்கிட்டா கேக்கறதுக்கு வேற ஆள் இல்ல. அப்புறம் கடைசி வரி நல்லா இருக்கு...” அவள் சொல்லிக்கொண்டே போக, இயக்குநர் தலையாட்டிக்கொண்டே போனார்.

வெளியே வந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வழியில் மனைவி அவர் கையைக் கிள்ளினாள்.

“ரெண்டாவது நீங்க எழுதினது.”

“எப்படிச் சொல்றே?”

“எனக்குத் தெரியாதா? ஒரு எலும்புகூடக் கூடுதலா இல்லையே. எக்ஸ்ரே மாதிரி இருந்துது.”

“முதலாவது?”

“அத்தான். வேற யாரு? நல்ல மனுஷன்தான். எழுதச் சொன்னா இப்படித்தான் வாய் கொப்புளிப்பார்.”

பலகைக்காரர் நின்றுவிட்டார். “வீட்ல பொழுது விடிஞ்சா பொழுது போனா அத்தான் சொன்னார், அத்தான் சொன்னார்னு...”

“அவர் சொல்றதை உங்ககிட்ட சொல்றேன். நீங்க சொல்றதை உங்ககிட்டயே சொல்ல முடியுமா? அதை அக்கா வீட்ல போய்ச் சொல்லுவேன். ‘போதும்டி உன் வீட்டுக்காரர் புராணம்’னு அக்காவே சலிச்சுக்குவா.”

அவர் எத்தனையோ வருஷமாகக் கேட்கக் காத்திருந்தது இதுதான். அதைக் கேட்கிற நாளில் அவர் நுரைக்காரராக நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் இன்னும் கையை விடவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் பொறுத்து டாக்டரின் மருத்துவமனைக்குப் போனார். என்ன கேட்கப் போகிறோம் என்று அவருக்கே நிச்சயமில்லை. ஆனால் அங்கே யாரும் எதையும் கேட்க முடியாது. “வாங்க சகலை, உட்காருங்க, வாயைத் திறங்க,” என்று சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது.

“தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்களா? இப்படித் தேய்ஞ்சிருக்கே. ஏதாவது மன உளைச்சலா?”

“ஆ,” என்றார் பலகைக்காரர்.

“எனக்கும் இருந்துது. சொன்னா சிரிப்பீங்க.” டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே பேசினார். “எங்க வீட்ல ஒரே பாட்டு. மச்சினி வந்தாள்னா, ‘அவர் நறுக்குனு சொல்லிடுவார் அத்தான்’ம்பா. நான் பேசி முடிச்சா ஜனங்க கை தட்டிட்டுப் போயிடறாங்க. கீழ படி இறங்கறதுக்குள்ள மறந்துடறாங்க. நீங்க எழுதினது சுவத்துல நிக்குது. அதான் இந்தத் தடவை உங்களை மாதிரியே எழுதிப் பாத்தேன். அருங்காட்சியகத்துக்குப் போய் உங்க பலகையை எல்லாம் படிச்சேன், நோயாளிங்களைக் காக்க வெச்சுட்டு. வெட்டினேன், வெட்டினேன், பல்லைப் பிடுங்கறதுகூட இவ்வளவு கஷ்டமில்ல. கொப்புளிங்க.”

பலகைக்காரர் கொப்புளித்தார்.

“மேடம் போன் பண்ணி என்னுது தேறிடுச்சுன்னாங்க. ஆனா மச்சினி அது உங்களுதுன்னு நெனச்சு அக்காகிட்ட ஒரே பெருமை. நான் எதுவும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. யார் எழுதினா என்ன, எல்லாம் ஒண்ணுதானே சகலை.”

எதிரி கெட்டவனாக இருந்தால் பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு கௌரவம் உண்டு. இந்த மனிதன் அதையும் பிடுங்கிக்கொண்டான், மரத்துப்போக ஊசிகூடப் போடாமல். எல்லாம் ஒன்று என்று சொல்வது ஜெயித்தவனுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று பலகைக்காரர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார்.

காட்சிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள், பணியாளர்களின் குடும்பத்தாருக்கு மட்டும் சுற்றிக் காட்டினார்கள். டாக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். நான்கு அறைகளில் சிலை, மணி, முகமூடி என்று நிறைந்திருந்தது. ஐந்தாவது அறையில் ஒன்றுமே இல்லை. ஒரு பெரிய ஜன்னல் மட்டும். அதன் வழியே தெரு தெரிந்தது: நனைந்த சாலை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவர், மூடாத குப்பைத்தொட்டி, அதற்குள் தலையை விட்டிருக்கும் நாய். இதுதான் காட்சிப்பொருள் என்பது இயக்குநரின் யோசனை. ஜன்னலுக்குப் பக்கத்தில் பலகை.

மனைவி அக்காளை இழுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தினாள். “இதான். இவர் எழுதினது. கேளு.” ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். அக்காள் தன் கணவரைப் பார்த்துச் சிரிப்பதும், டாக்டர் ஜன்னல் வழியே நாயைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

“‘உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவர் உலகத்துக்கு வெளியே இருக்கிறார் என்று இக்கொள்கை சொல்வதில்லை. உலகமே கடவுள். கல், மழை, நாய், நீங்கள், இந்தப் பலகை. வேண்டுதலைக் கேட்கத் தனியாக யாரும் இல்லை. உலகம் அழிந்தாலும் கடவுள் எஞ்சுவார்.’ கடைசி வரி எப்படி?”

பலகைக்காரர் அந்த வரியை அப்போதுதான் கேட்டார். அதற்கு முன்னால் அந்தப் பலகை பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

எஞ்சுவாரா? எங்கே எஞ்சுவார்? உலகமே கடவுள் என்றால், உலகம் போனபின் எஞ்சுவதற்கு எது இருக்கிறது? எஞ்சுகிறவர் நான்காவது அறைக்காரர் அல்லவா, வீட்டைவிடப் பெரியவர்? அடுத்த அறைக் கடவுள் சுவரேறிக் குதித்து இந்த அறைக்குள் வந்து, கடைசி வரியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு ஊரே வந்து இதைப் படிக்கும்.

அவருக்குள் ஏறிய ஆனந்தத்தை என்னவென்று சொல்வது? இத்தனை வருஷமாகத் தேடிய ஓட்டை, கண் மட்டத்தில், நல்ல வெளிச்சத்தில், தடித்த எழுத்தில் இருந்தது. ‘டாக்டர், உங்க கடவுள் அறை மாறி உட்கார்ந்துட்டார்’ என்று சொன்னால் போதும். எல்லாரும் கேட்கும்படி. மனைவி கேட்கும்படி.

மனைவியைப் பார்த்தார். அவள் விரல் இன்னும் அந்தக் கடைசி வரியின் மேல் இருந்தது, காய்ச்சல் பார்க்க நெற்றியில் வைக்கிற மாதிரி. அது டாக்டருடையது என்று சொன்னால், அவள் இரண்டு தாளில் தன் புருஷனை அடையாளம் கண்டு எடுத்தது பொய்யாகப் போகும். அவள் ‘வாய் கொப்புளிப்பார்’ என்றது யாரை என்பதும் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால், பலகை பொய் சொல்லும். அவர் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர்களில் எழுத்துப்பிழை இருந்ததுண்டு. பொய் இருந்ததில்லை.

இயக்குநரின் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், “மேடம், கடைசி வரி தப்பு. எடுத்துடணும்,” என்றார்.

தாழ்ந்த குரல் என்ற ஒன்று அந்த அம்மாளுக்குக் கிடையாது. “தப்பா? இப்ப போய்ச் சொல்றீங்க? நாளைக்குத் திறக்கணும்!”

அறையே திரும்பியது. டாக்டர் பலகையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், காது சிவந்தது. ஒரு அடி முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

“நான் எழுதினதுதான்,” என்றார் பலகைக்காரர். “என் தப்பு. அந்த வரி பக்கத்து அறைக்குப் போக வேண்டியது.”

இயக்குநர் அவரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். ரகசியம் காப்பதற்காக இந்த மனிதர் பழியையே ஏற்கிறார் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. முகத்தில் பக்தி தெரிந்தது. டாக்டர் திறந்த வாயை மூடவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருப்பார்.

மனைவி விரலை எடுத்துக்கொண்டாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வெகு நேரம் வெளியே பார்த்தபடி வந்தாள். பலகைக்காரருக்கு உள்ளே விசித்திரமான ஒரு அமைதி இருந்தது. எதிரியின் பிழையைத் தம் தலையில் போட்டுக்கொண்டு, எதிரியின் எழுத்தையும் தம் பெயரில் வைத்துக்கொண்டாயிற்று. லாபமா நஷ்டமா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது அவர். அது முழுக்க முழுக்க அவருடையது.

“ஏங்க,” என்றாள் மனைவி.

“ம்.”

“நீங்களே எழுதினது. நீங்களே எத்தனை தடவை படிச்சிருப்பீங்க. அப்பல்லாம் தெரியாத தப்பு இன்னிக்கு எப்படித் திடீர்னு தெரிஞ்சுது?”

பலகைக்காரர் யோசித்தார். எந்தப் பதிலைத் தொட்டாலும் அதன் பின்னால் மொத்த வீடும் சரிந்து வருவதாக இருந்தது.

“அத்தான் சொன்னாரா?”

அவர் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஆமா,” என்றார். “அவர்தான் சொன்னார்.”

“அதானே பாத்தேன்,” என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள் மனைவி. “எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. எல்லார் முன்னாடியும் சொல்லாம, உங்க காதுல மட்டும் சொல்லியிருக்கார்.”